'எப்படி உடையும்?' என்று கேட்ட டாக்டர்

போன வாரம் நான் பட்டறைக்கு வந்திருந்தபோது, பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், சர்ஜரி டூல்ஸ் வெல்டிங் பண்றப்ப எந்த ஃபில்லர் போடணும்னு ஒரே வரியில சொல்லிடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

ஒரே வரியில் சொல்லலாம்தான். இரண்டு துண்டு எஃகை உருக்கிச் சேர்க்கும்போது நடுவில் உருகி நிரம்புகிற அந்த மெல்லிய கம்பிக்கு அட்டவணை இருக்கிறது. இந்த எஃகோடு அந்த எஃகு என்றால் இந்தக் கம்பி என்று சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். பெரும்பாலான நாட்களில் அது போதும். அது போதாத ஒரு சமயத்தில் எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தோசை ஊற்றும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, அது திடீரென்று நினைவுக்கு வந்து என்னை அப்படியே நிறுத்திவிடும்.

அப்போது பாலாநகரில் நமது பட்டறையில் உலோகவியல் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. வெல்டிங் மேஜையில் யாதகிரி. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. என் வயதுதான். வெல்டிங் முடிந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். எனக்கும் அவருக்கும் பேச்சு தெலுங்கில்தான் நடக்கும். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

ஒரு நாள் காலையில் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள், யாரோ டாக்டர் வந்திருக்கிறார் என்று. பொதுவாக ஆஸ்பத்திரியிலிருந்து கொள்முதல்காரர்கள்தான் வருவார்கள். இவர் குழந்தைகளுக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டர் வளர்மதி. கச்சிபௌலியில் வீடு. அந்தப் போக்குவரத்து நெரிசலில் தானே வண்டி ஓட்டி வந்திருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. திறந்தால் உள்ளே துணியில் சுற்றி, இரண்டு துண்டாக ஒரு கருவி.

ரிட்ராக்டர் என்போம். நெஞ்செலும்பை நடுவில் அறுத்த பிறகு இரண்டு பாதியும் மூடிக்கொள்ளாமல் பிரித்துப் பிடித்திருப்பது. பல் வெட்டிய ஒரு பட்டை, அதில் நகரும் இரண்டு கைகள், கைகளின் நுனியில் எலும்பின் விளிம்பைக் கவ்வும் இரண்டு தகடுகள். சின்னக் கைப்பிடியைச் சுழற்றினால் பல் பல்லாக விரியும். டாக்டர் கொண்டு வந்ததில் ஒரு தகடு, கையோடு சேர்கிற வெல்டிங்கில் முறிந்திருந்தது.

"எங்கயோ வெளிய குடுத்து ரிப்பேர் பண்ணி இருக்காங்க. எனக்கே தெரியாது. ஆபரேஷன் நடுவுல பட்டுனு போச்சு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், என் அறையில் தமிழ் நாட்காட்டியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "ஏனுங்க, நீங்க தமிழா?"

"ஹவ் டாக்டர். லாலாகுடா ரயில்வே காலனி. அப்பா அங்க ஒர்க்‌ஷாப்ல இருந்தார்."

"ஹவ்னா?"

"ஆமான்னு அர்த்தம்" என்றேன். சிரித்தார். அவர் ஈரோட்டுக்காரர், இங்கே வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சிரிப்பு அடங்கியதும் முறிந்த துண்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். அன்று ஆபரேஷன் மேஜையில் இருந்த குழந்தையின் நுரையீரலில் ஒரு கன்றிய காயம், அவ்வளவோடு தப்பித்தது, இப்போது நன்றாக இருக்கிறது என்றார். "ஆனா அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குதுங்க அக்கா."

இந்தக் கருவியைச் சரிசெய்ய அவர் வரவில்லை. புதிதாக ஒன்று வேண்டும். கரீம்நகர் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வந்திருந்தது. பிறந்த சில வாரங்களிலேயே ஒரு முறை நெஞ்சைத் திறந்து சிகிச்சை செய்திருக்கிறார்கள். எலும்பு கூடியபோது கோணலாகக் கூடிவிட்டது, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். விற்பனையில் இருக்கிற எந்தக் கருவியின் தகடும் அதில் சரியாக உட்காராது. ஒரு தகடு குட்டையாகவும் ஒன்று நீளமாகவும், வேறு வேறு வளைவில் வேண்டும். மாடிப்படி ஏறினால் குழந்தையின் உதடு நீலமாகிவிடுகிறது. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

ஒரே கட்டி எஃகிலிருந்து கையையும் தகட்டையும் சேர்த்தே வெட்டி எடுத்திருக்கலாமே, வெல்டிங் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எப்போதும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். கை கடினமான எஃகாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டையோடு உரசித் தேய்ந்துவிடும். அந்த ரகத்துக்கு எண் 420. தகடு துருவைத் தாங்குகிற, விரும்பிய வளைவுக்கு அடித்து மடக்கக்கூடிய எஃகாக இருக்க வேண்டும். அது 316. இரண்டு குணமும் ஒரே கட்டியில் கிடையாது. வேறு வழியில் பிணைக்க வடிவத்தையே மாற்ற வேண்டும், அதற்கு நேரம் இல்லை. ஆகவே இரண்டு வேறு எஃகு, நடுவில் ஒரு ஃபில்லர்.

அந்த ஃபில்லர் எது?

யாதகிரி 316 கம்பி என்றார். தகடு அதுதானே, ஆஸ்பத்திரிக்காரர்களும் அந்தப் பெயரைக் கேட்டால் மறுபேச்சு பேசமாட்டார்கள். நான் 420 என்றேன். ஏற்கெனவே ஒன்று முறிந்திருக்கிறது, இனி முறியக்கூடாது, கையைப் போலவே வலுவாக இருக்கட்டும். அட்டவணை மூன்றாவது ஒன்றைச் சொன்னது: 309. குரோமியமும் நிக்கலும் கூடுதலாக உள்ள கம்பி. இரண்டு பக்கத்து எஃகும் உருகிக் கலந்த பிறகும் மென்மையாகவே இருக்கும். அந்த மென்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இழுத்துப் பார்த்தால் மற்றதைவிடப் பலம் குறைவு.

மூன்றிலும் சோதனைத் துண்டுகள் செய்வது என்று முடிவானது. 309-லேயே மாலிப்டினம் சேர்ந்த வகையை வாங்கச் சொன்னேன், உப்புநீரையும் ரத்தத்தையும் தாங்க வேண்டுமே. எந்தக் கம்பியைப் போட்டாலும், பக்கத்தில் இருக்கிற 420 கை சூடுபட்டு விறைத்துப்போகும். அதை மெதுவாக ஆறவிட்டு மறுபடி சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அதை உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள், நான் விடுகிறேன்.

சோதனை நாளன்று டாக்டர் வளர்மதி தானும் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டார். யாதகிரி அப்போதுதான் மேஜையில் வைத்திருந்த ஒரு துண்டை அவர் எடுக்கப் போனார். "தொட நக்கோ டாக்டர், சூடு!" என்று நான் கத்தியதும் கையை இழுத்துக்கொண்டு, "நக்கோன்னா வேண்டாம், இது இப்பப் புரிஞ்சுது" என்றார்.

துண்டின் கைப்பக்கத்தை இடுக்கியில் இறுக்கி, தகட்டுப் பக்கத்தை அழுத்தத்தால் தள்ளுவோம். எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும். முதலில் 316. அது நன்றாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கையை ஒட்டிய ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது, அதோடு போயிற்று. கையின் எஃகு கலந்த இடத்தில் அந்தக் கம்பி கடினமாகிவிட்டிருந்தது. யாதகிரி அதை எடுத்துக் கழிவு டப்பாவில் போட்டார்.

அடுத்தது 420. முள் ஏறிக்கொண்டே போனது. எனக்குள் ஒரு பெருமிதம், நான் சொன்னதாயிற்றே. 316 போன இடத்தைத் தாண்டி, வெகுதூரம் தாண்டி ஏறியது. பிறகு ஒரு வெடி. துண்டு பறந்து போய் ஷட்டரில் மோதி விழுந்தது. மூன்று பேரும் குனிந்துவிட்டோம்.

டாக்டர் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "இதே சத்தந்தாங்க" என்றார்.

பிறகு 309. பாதி தூரம்கூட ஏறியிருக்காது, முள் தயங்கியது. தகடு மெல்லச் சாய ஆரம்பித்தது. இன்னும் அழுத்தினோம், இன்னும் சாய்ந்தது. கடைசியில் கும்பிடுவது போல முழுக்க மடங்கி நின்றது. எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

நான் இரண்டு எண்களையும் சொன்னேன். "பலத்துல 420தான் டாக்டர். பக்கத்துலயே வர முடியாது."

அவர் எண்களைக் கேட்டதாகவே தெரியவில்லை. முறிந்த துண்டை ஒரு கையிலும் மடங்கிய துண்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ தாங்கும்னு சொல்றீங்க. சரி. தாங்காமப் போனா எப்படிப் போகும்? அதைத்தாங்க நான் கேக்கறேன். இது உடையறதுக்கு முன்னாடி என்கிட்ட ஏதாச்சும் சொல்லுதா? சொல்லலை. இது சொல்லுது. வளையறது என் கண்ணுக்குத் தெரியும், கையை நிறுத்திக்குவேன். வெடிக்கறது தெரிஞ்சு நான் என்ன பண்றதுங்க?"

அப்போதே எத்தனையோ வருடங்களாக இந்தத் தொழிலில் இருந்தேன். எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். எப்படி உடையும் என்று வாங்க வந்தவர் ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை.

ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாதே. சாதாரண வேலைக்கே வளைந்துவிட்டால் அது கருவியா? "நீங்க எவ்ளோ விசையில விரிப்பீங்க?" என்று கேட்டேன். அவருக்கு எண்ணாகச் சொல்லத் தெரியவில்லை. "கைக்குத்தான் தெரியும்" என்றார்.

சரி, கையையே கேட்போம் என்று, பழைய பட்டை ஒன்றை அழுத்தமானியோடு இணைத்து அவர் முன்னால் வைத்தோம். முள் எங்களுக்குத் தெரியும்படி, அவருக்குத் தெரியாதபடி. "அந்தக் குழந்தையோட நெஞ்சுன்னு நெனச்சுக்கோங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. எங்கேயோ எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கைப்பிடியைச் சுழற்றி, ஒரு இடத்தில் நிறுத்தினார். யாதகிரி முள்ளைப் பார்த்துக்கொண்டார். தளர்த்திவிட்டு மறுபடி செய்யச் சொன்னோம். முள் அதே இடத்தில் வந்து நின்றது. மறுபடியும். நடுவில் அவரிடம் குழந்தையின் ஊரைப் பற்றி விசாரித்துப் பேச்சுக் கொடுத்தேன். பதில் சொல்லிக்கொண்டே சுழற்றினார். அப்போதும் அதே இடம், முள்ளின் தடிப்பு அளவுகூட விலகவில்லை.

"அம்மோ" என்றார் யாதகிரி, மூச்சுக்குள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாங்கள் இயந்திரம் வைத்து அளக்கிறோம். இந்தப் பெண்ணின் மணிக்கட்டுக்குள், எத்தனையோ குழந்தைகளின் நெஞ்சைத் திறந்து மூடியதிலிருந்து, ஓர் அளவுகோல் வளர்ந்திருக்கிறது.

அந்த அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போனால்தான் 309 சாயத் தொடங்குகிறது. போதுமான இடைவெளி. 309-தான் என்று முடிவு செய்தேன். தரப் பிரிவில் ஒருவர், "பலமானது இருக்கறப்ப பலம் கம்மியானதை ஏன் தேர்ந்தெடுத்தீங்கன்னு நாளைக்குக் கேட்டா?" என்றார். நியாயமான கவலை. மடங்கிய துண்டையும் முறிந்த துண்டையும் அவர் மேஜையில் வைத்துவிட்டு, கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன்.

யாதகிரி ஒரே அளவில் இரண்டு ஜோடி செய்தார், ஒன்று மாற்றுக்கு. ஆபரேஷன் அன்று நானும் உள்ளே இருக்க வேண்டும் என்று டாக்டர் அனுமதி வாங்கியிருந்தார். பச்சை உடையில், முகக்கவசத்தோடு, மயக்க மருந்து டாக்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். எதையும் தொடக்கூடாது, மயக்கம் வந்தால் பின்பக்கமாக உட்கார்ந்துவிட வேண்டும்.

போர்வைகளுக்கு நடுவே கை அகலத்துக்கு ஒரு சதுரம் மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு குழந்தை இருக்கிறது என்பதை மனதுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. முன்பே ஒரு முறை திறந்த நெஞ்சில், உள்ளே இருப்பவை தழும்பால் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்குமாம். டாக்டர் வளர்மதி கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைப் பிரித்துவிட்டுக்கொண்டே போனார். பிறகு நமது கருவியைக் கேட்டு வாங்கினார். தகடுகள் அந்தக் கோணல் எலும்பில் கச்சிதமாக உட்கார்ந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினார். ஒரு பல். இன்னொரு பல்.

"இருங்க" என்றார்.

அறையில் எல்லாருடைய கையும் நின்றது. குனிந்து பார்த்தார். "வளையுது. இடது தகடு."

அவர் கை அந்த அளவைத் தாண்டியிருக்காது என்று எனக்குத் தெரியும், நானே பார்த்திருக்கிறேன். இரண்டு மடங்கு இடைவெளி வைத்திருக்கிறோம். பிறகு ஏன் வளைகிறது? வெல்டிங்கில் குறையா? கம்பி மாறிவிட்டதா? ஸ்டூலில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் அந்தத் தகட்டையே பார்த்தேன். லேசாக, வெகு லேசாகத்தான் சாய்ந்திருந்தது. தேடுகிற கண்ணுக்குத்தான் தெரியும்.

அவர் பின்னுக்குச் சுழற்றித் தளர்த்தினார். விளக்கைத் திருப்பச் சொன்னார். இடது பக்க எலும்பின் மேல்மூலைக்கு அடியில், கோணலால் மறைந்திருந்த இடத்தில், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

பிறகு உதவி டாக்டரிடம் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். இதயத்தின் சுவரே அந்த மூலையில் எலும்போடு ஒட்டியிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சோதனையில் தகடு முழுவதும் பாரம் பரவியிருந்தது. இங்கே அந்த ஒரு மூலை நகர மறுத்ததால், எல்லாப் பாரமும் தகட்டின் ஒரு நுனியில் போய் நின்றிருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றுகிற கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி முள்ளை அதே இடத்தில் நிறுத்திய அந்தக் கைக்கும் தெரியவில்லை. வெல்டிங்குக்குத் தெரிந்தது. நான் விரும்பியபடி 420 போட்டிருந்தால் அந்தத் தகடு அசைந்திருக்காது. அடுத்த பல்லுக்குப் போயிருப்பார். அந்த இடத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். எஃகு கொடுக்காவிட்டால் இதயத்தின் சுவர் கொடுத்திருக்கும்.

இதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. தயவுசெய்து அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். கருவி முறியாமல் இருக்க வேண்டும் என்று யோசித்தோம், அவ்வளவுதான். அது குழந்தையின் உடம்புக்குள் இருப்பதைச் சொல்லும் என்று எனக்கோ யாதகிரிக்கோ, டாக்டருக்கோகூடத் தோன்றியதில்லை.

அந்த மூலையைப் பிரிக்க வெகுநேரம் ஆனது. நூல் நூலாகப் பிரித்தார். பிறகு மாற்று ஜோடியைப் போட்டு விரித்தார். அது அசையாமல் நின்றது. இதயத்தின் மேல் மிச்சமிருந்த உறையைத் திறந்தபோது முதல் முறையாக அதைப் பார்த்தேன். ஒரு சிறுமியின் மூடிய கையளவுதான். யாதகிரி இழைத்த தகடுகளுக்கு நடுவே அது எழும்பி எழும்பித் தாழ்ந்தது. அந்தத் தகடுகளில் விளக்கின் வெளிச்சம் விழுந்து, துடிப்பு அதில் பிரதிபலித்தது. நான் தேய்த்து மெருகேற்றச் சொன்ன பரப்பு அது. கிருமி தங்கக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். ஒரு குழந்தையின் உயிர் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரத்தத்தை இயந்திரத்துக்கு மாற்றி, இதயத்தை நிறுத்தி, உள்ளே சரிசெய்தார்கள். அந்த நேரமெல்லாம் அது அசையாமல் கிடந்தது. முடித்து மறுபடி ரத்தத்தை உள்ளே விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பதறவில்லை, காத்திருந்தார்கள். நான்தான் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு காற்றில் தண்ணீர் சிலிர்ப்பது போல மேற்பரப்பில் ஒரு நடுக்கம். ஒரு துடிப்பு. இடைவெளி. இன்னொன்று. அதன் பிறகு தானாகவே, யாரையும் கேட்காமல், அது தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. முகக்கவசத்துக்குள் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது மூக்கு அடைத்த பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்தபோது டாக்டர் வளர்மதி தாழ்வாரத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுவி, பையில் போட்ட அந்த வளைந்த தகட்டை என்னிடம் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கவா, நன்றி சொல்லவா என்று தெரியாமல் நின்றேன். எந்தக் காரணத்தால் வளைந்தாலும் கருவி வளைந்தது வளைந்ததுதானே.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "அடுத்தது பண்றப்ப இன்னும் கொஞ்சம் சீக்கிரமா வளையற மாதிரி பண்ண முடியுங்களா?"

பலமாக, இன்னும் பலமாக என்று கேட்டு வந்தவர்களுக்குத்தான் இத்தனை வருடம் செய்து கொடுத்திருக்கிறேன். பலவீனத்தை அளந்து கொடு என்று ஒருவர் கேட்கிறார். அதுவும் கிண்டலாக இல்லை, களைத்த முகத்தோடு, டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு.

நேராகப் பட்டறைக்கு வந்தேன். யாதகிரி வேலையில் இருந்தார். வெல்டிங் வெளிச்சம் அணையும்வரை நின்று, நடந்ததை எல்லாம் சொன்னேன். முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக் கேட்டுக்கொண்டார். குழந்தை எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன். வளைந்த தகட்டை வாங்கி, சாய்ந்த இடத்தை நகத்தால் மேலும் கீழும் தடவினார். கீறல் இல்லை.

கடைசியில் டாக்டர் கேட்டதைச் சொன்னேன்.

யாதகிரி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "உட்காருங்க மேடம்" என்றார். "சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரமா வளையணும்?"